ரிங் மாற்றிய இன்ஜின்

கருகிய ஆயிலின் வாடை எங்கிருந்தாவது வந்தால் இன்றும் நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். எங்கள் ஊர் தாமலில், கிணற்றடியில் இருந்த டீசல் இன்ஜினை எல்லாரும் "ஆயில் இன்ஜின்" என்பார்கள். ஏரி வற்றிப்போன அந்த வருடம், நெல் பால் பிடிக்கிற நேரத்தில், அது தண்ணீர் இறைத்ததைவிட நீலப் புகை கக்கியதுதான் அதிகம். கரன்ட் இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. இன்ஜின் நின்றால் பயிர் போயிற்று.

நன்றாக இருக்கும் இன்ஜினில் ஹேண்டிலைச் சுற்றி வேகம் எடுத்த பிறகே மேலே இருக்கும் சின்ன லீவரைத் தட்டி உள்ளே அழுத்தம் ஏற விடுவார்கள். தேய்ந்துபோன எங்களுடையதில் அழுத்தமே இல்லாததால், அப்பா முதல் சுற்றிலேயே லீவரைத் தட்டிவிட்டு, அது பிடிக்கிறவரை விடாமல் சுற்றுவார். வருடக்கணக்கில் அவர் கைக்கு அதுவே பழகிவிட்டது.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் கபூர் பாய் பிஸ்டனை உருவி, அதன் கழுத்தில் கிடந்த வளையங்களைக் கழற்றிக் காட்டினார். "ரிங்கு தேஞ்சிபோச்சுபா. ஆயில் எல்லாத்தையும் அதுவே குடிச்சிக்கினு இருக்குது" என்றவர், புது ரிங் போட்டு, தானே கிளப்பிக் காட்டிவிட்டு, "பழைய நெனப்புல சுத்தாதபா, திருப்பி அடிச்சிடும்" என்று சொல்லி பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு அது ஞாபகமில்லாமல் இல்லை. ஆனாலும் கை பழக்கத்தில் முதல் சுற்றிலேயே லீவரைத் தட்டிவிட்டது. இன்ஜின் பின்னுக்கு உதற, ஹேண்டில் அவர் வலது மணிக்கட்டை முறித்துவிட்டது. நாங்கள் ஓடிப்போனபோது கையை மடியில் வைத்துக்கொண்டு, "தண்ணி பாயணுமே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டுப் போட்டுத் திரும்பிய மாலையில், அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலை எடுத்தாள்.

"வேணாம்மா, அடிச்சா நீ தாங்கமாட்ட" என்றார் அப்பா.

"பயிரு காஞ்சா மட்டும் தாங்குவனா? எப்ப லீவர தட்றதுன்னு சொல்லுங்க, போதும்."

"இன்னும் வேகமா, இன்னும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்க, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இன்ஜின் துளிப் புகையில்லாமல் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அம்மா ஹேண்டிலைத் தொடும் நேரத்தில் அப்பா அந்தப் பக்கமே இருக்கமாட்டார். கடைசி வரப்புக்குப் போய் முதுகைக் காட்டி நிற்பார், வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். எனக்கோ அறுவடை முடிகிறவரை ஒவ்வொரு காலையும் பயமாகவே இருந்தது. பயிர் பிழைத்தது. அப்பாவின் கைதான் கோணலாகக் கூடியது.

கரன்ட் வந்து வெகுகாலமாகிறது. இன்ஜின் பழைய இரும்புக்குப் போய்விட்டது, நீலப் புகையும் அதோடு போயிற்று. இப்போது மோட்டாருக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதையும் அம்மாதான் அழுத்துவாள். போன மாதம் அப்பாவைத் தாமலில் விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் என் வீட்டில் தங்க வந்த அம்மா, வயலில் தண்ணீர் பாய்ந்ததோ என்னவோ என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். "பொத்தானை அழுத்தக்கூடவா அவரால முடியாது?" என்று எரிந்து விழுந்தேன். அவள் துணிகளைப் பையில் வைத்தாள்.

அவளோடு நானும் போனேன். வயல் காய்ந்து கிடந்தது. மோட்டார் கொட்டகை வாசலில், வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, கடைசி வரப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.