பழைய நாற்காலியில் ஒரு முடிவெட்டு

பக்கத்து நாடுகளோடு சேர்ந்து நாட்டுக்கும் ஒரே பொது நாணயம் வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் முன்பிருந்தே விலையக்கா மாதம் தவறாமல் அதே நாற்பது கடைகளில் ஏறி இறங்குகிறார். புள்ளிவிவர அலுவலகத்துக்காக விலை குறிப்பவர்; ஊர் வைத்த பெயர்தான் விலையக்கா. அதே கடை, அதே பொருள், அதே அளவு: இதுதான் வேலையின் விதி. அவரைப் போன்றவர்கள் எழுதித் தருவதைக் கூட்டித்தான் விலைவாசி எத்தனை சதவீதம் ஏறியது என்று அறிவிக்கிறார்கள். ஓய்வூதியமும் அந்த அளவுதான் ஏறும்.

வீட்டில் அந்த ஓய்வூதியத்தில் வாழும் நாத்தனார் இருக்கிறார்.

"இந்த வருஷமும் ரெண்டு சதவீதம்தானாமே! உங்க ஆபீஸ்காரங்க எந்தக் கடைக்கும்மா போறாங்க? எனக்கும் வழி சொல்லேன்."

விலையக்காவுக்குச் சுருக்கென்றது. நாணயம் மாறிய மாதத்தில், சில்லறையை அடுத்த முழுத்தொகைக்குத் தள்ளி விலை போட்ட கடைக்காரர்களை ஊரே திட்டியது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் மெதுவாக வந்தது. லாரியில் வரும் டிவியும் சட்டையும் அப்படியே நின்றன, சில மலிவாகக்கூட ஆயின. லாரியில் ஏற்ற முடியாத முடிவெட்டு, தையல் கூலி, வீட்டு வாடகை எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பக்கத்துப் பணக்கார நாடுகளின் விலையை நோக்கி ஏறின. அன்று நான்கு நாணயமாக இருந்த முடிவெட்டு எட்டானது. அந்த நாடுகளில் பன்னிரண்டு.

"விலை மட்டும் அவங்க பக்கத்துல போய் உக்காந்துக்குது. நம்ம சம்பளம் பாதி வழியிலயே நிக்குது" என்பார் விலையக்கா.

போன மாதம் சலூன்காரர் எட்டை ஒன்பதாக்கினார்.

"கடை வாடகைய ஏத்திட்டாங்கக்கா. நான் என்ன பண்ண?"

கூடவே ஒரு சுழல் நாற்காலியும் வாங்கியிருந்தார். விலையக்கா நேர்மையாக அதையும் குறித்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"நாற்காலி புதுசுன்னா தரம் உயர்ந்திருக்கு. தரத்துக்குக் குடுக்குற காசு விலையேத்தம் ஆகாது. எட்டுன்னே போடுங்க" என்றார் மேலதிகாரி.

"சார், தலையும் அதேதான், கத்திரியும் அதேதான். நாற்காலியா முடி வெட்டுது?"

"விதிம்மா."

"வெட்டிட்டு எந்திரிக்கும்போது நாற்காலியத் தூக்கிட்டா வர்றோம்?"

படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறையும் திருத்தாவிட்டால் அந்தத் தெரு வேறொருவருக்குப் போய்விடும் என்றார்கள். வேறொருவர் என்றால், எட்டு என்று எழுதுபவர்.

அன்று மாலையே கணவரை இழுத்துக்கொண்டு சலூனுக்குப் போனார்.

"அந்தப் பழைய நாற்காலி எங்கப்பா?"

"பின்னாடி பக்கெட்டுக்குக் கீழ கிடக்குது. எதுக்குக்கா?"

"எடு. இவரை அதுல உக்கார வச்சு வெட்டு."

"போன வாரந்தானே வெட்டினேன்" என்று கணவர் முனகினார். யாரும் கேட்கவில்லை. ஆடிய நாற்காலியின் காலுக்கு அட்டையை மடித்து வைத்து, சலூன்காரர் இருந்த முடியையும் குறைத்தார்.

"எவ்வளவு?"

"ஒன்பதுதான். நாற்காலிக்கா காசு வாங்குறேன்?"

"ரசீது எழுது. எந்த நாற்காலின்னும் சேத்து எழுது."

மறுநாள் மேலதிகாரி ரசீதை இரண்டு தடவை படித்தார். அதே கடை, அதே கத்திரி, அதே நாற்காலி. விதியில் ஓட்டை கிடைக்காமல் ஒன்பதை ஏற்றுக் கையெழுத்திட்டார்.

"ஒரே ஒரு நாணயத்துக்கு இவ்வளவு ரகளையாம்மா?"

"ஒண்ணு ஒண்ணாத்தான் சார் ஏறிச்சு. தரம், தரம்னு தள்ளிவிட்ட படிவம் பதினோரு வருஷமா எத்தனை இருக்கு? அதை எடுங்க. முதல்ல பல் டாக்டரோட புது விளக்கு. அவர் வீட்டுப் பரண்ல பழைய விளக்கு இருக்கான்னு கேட்டுட்டேன். இருக்காம்."