ம்வாபாவின் பெயர் வரும் இடம்

கபெம்ப்வா என் மகள் கசூபாவைக் கட்டியவன். வாரமெல்லாம் கிட்வே சுரங்கத்தில் துளைக்கருவி பிடிப்பான். சனிக்கிழமை மத்தியானம் தொழிலாளர் மன்றத்தில் மின்சார கிதார் பிடிப்பான். இரண்டும் ஒரே சத்தம்தான். ஆனால் பாட்டை அவனே கட்டுவான், அதற்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் குழி சரிந்தபோது என் மகன் ம்வாபாவும் அவனோடு பதினொரு பேரும் போனார்கள். செத்தது மூன்றே பேர் என்றது நிர்வாகம். கபெம்ப்வா பன்னிரண்டு பெயரையும் வைத்துப் பாட்டுக் கட்டினான். மன்ற அதிகாரிக்கு அது எட்டிவிட்டது.

"ஒரு பேர் வந்தாலும் திங்கக்கிழமை வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போயிரணும்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருந்த வீடு சுரங்கத்துடையது. கசூபாவுக்கு அப்போது ஏழு மாதம்.

சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் அவன் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தான். முறைப்படி மருமகனை வீட்டுக்குள் அழைத்து விருந்து வைக்கும்வரை மாமியார் அவன் முகம் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. எங்களுக்கு அந்த விருந்து இன்னும் ஆகவில்லை. நான் முதுகு காட்டி நின்றேன்.

"கசூபா, பேருகள விட்டுட்டுப் பாடப்போறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

நான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். "ஏ தூணே, பேரில்லாத பாட்டப் பாட ஒரு ஆம்பள எதுக்கு? ரேடியோவே போதுமே!"

"தூணுக்கு என்ன, குடியிருக்க வீடா வேணும்?"

"தூணுக்கு ரெண்டு அறை இருக்கு. மழைக்கு ஒழுகும். மூணு பேர் படுக்கலாம்."

"வயித்தத் தள்ளிக்கிட்டு நான் ஒருத்தி நடுவுல நிக்கிறேன். நீங்க தூணோட பேசுங்க!" என்று கசூபா வெடித்தாள்.

அவன் கிதாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினான்.

முன்வரிசையில் அதிகாரி, அவருக்குப் பின்னால் விதவைகள். பாட்டு நன்றாகத்தான் போயிற்று. பெயர்கள் வரவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டான். கிதார் மட்டும் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. விதவைகள் தலை கவிழ்ந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு நேரே போய் நின்றேன். பார்க்கக் கூடாதவள் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.

அவன் தலை குனிந்தான். குனிந்தபடியே, "ம்வாபா" என்று பாடினான்.

அதிகாரி எழுந்தார். அடுத்த பெயருக்கு ஒரு விதவை எழுந்தாள். ஐந்தாவது பெயரைக் கூட்டமே பாடியது. அதிகாரி கதவுப் பக்கம் நடந்தார்.

திங்கட்கிழமை சாவியைக் கொடுத்தோம். என் இரண்டு அறைக்குள் முதுகு காட்டியே எத்தனை நாள் வாழ முடியும்? அந்த வாரமே கோழி அடித்து, களி கிண்டி, விருந்தை முடித்தேன். மருமகன் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு: "அம்மா, கோழி இன்னும் வேகணும்." வெந்திருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மறுவருடம் இசைத்தட்டு போட நைரோபிக்கு அழைத்தார்கள். பிறகு லுசாகா, லுபும்பாஷி, எங்கே போனாலும் திடல் கொள்ளாத கூட்டம். நைரோபியில் பதிவு செய்தபோது, பாட்டு நீளம், ஐந்து பெயர் போதும் என்றார்களாம். கிதாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டான். பின்னாலேயே ஓடி வந்து கூட்டிப்போயிருக்கிறார்கள்.

தட்டில் பன்னிரண்டு பெயரும் இருக்கின்றன.