வெள்ளைத் தாளில் கதை பார்த்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பெமா வந்து நின்றாள். எதிர்ப்பக்கத்தில் மணிமாலையும் பித்தளைச் சிலையும் விற்கும் திபெத்தியப் பெண். "சேச்சி, பாலா போயி," என்றாள். ஷட்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

பாலா என்றால் அவர்கள் மொழியில் அப்பா; இறந்துபோனது அவளுடைய அப்பா. எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் அவர் பெயரே அதுதான் என்று நினைத்து 'பாலா சேட்டன்' ஆக்கிவிட்டார்கள். நோர்பு என்ற சொந்தப் பெயரைப் பலரும் இப்போது நான் எழுதித்தான் அறியப்போகிறார்கள்.

மனைவி இறந்தபின், கர்நாடகத்தில் இருக்கும் திபெத்தியக் குடியிருப்பிலிருந்து மகளோடு வாழ வந்தார். வந்த வாரமே என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். மேலே இருந்ததை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பண்டலின் நடுவிலிருந்து வேண்டுமாம். மெஷினுக்குள் போய் வந்தது ஆகவே ஆகாதாம்.

"ஒரு வெள்ளைத் தாளுக்கு இத்தன கண்டிஷனா? அப்படி என்ன எழுதப் போறீங்க?" என்றேன்.

"எழுதான் அல்ல மோளே. இதில நோக்கித்தான் கதை சொல்றது."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர்கள் நாட்டு மாமன்னர் ஒருவரின் கதையை, குதிரையும் போரும் மாயமுமாக, மாதக்கணக்கில் பாடிச் சொல்லக்கூடியவர். இளவயதில் காய்ச்சலில் கிடந்தபோது கனவில் வந்த கதையாம். இறகு செருகிய தொப்பியை அணிந்து, வெற்றுத் தாளை முகத்துக்கு நேரே பிடிப்பார். அதில் அவருக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரிந்தது தாள் மட்டும்தான்.

பெமா அதைக் கைபேசியில் பதிந்து இணையத்தில் ஏற்றினாள். சுற்றுலாக்காரர்கள் குறையும் மதிய நேரத்தில் சொல்வார். சுக்கு மண்டிக்கு வரும் லாரி ஹார்ன் அடித்தால், எதிரிப் படை கொம்பு ஊதுகிறது என்று அதையும் கதைக்குள் இழுத்துக்கொள்வார். வெளிநாட்டில் இருக்கும் திபெத்தியப் பிள்ளைகள் ஒரு நாள் லாரி வராவிட்டால், "இன்று லாரி எங்கே?" என்று எழுதிக் கேட்டார்கள்.

வீடியோ இன்னும் எடுப்பாக இருக்கட்டுமே என்று ஒரு நாள் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். ஒரு தாளில் கதையின் பெயரை அவர்கள் எழுத்தில் மேலேயும், ஓரத்தில் ஒரு குதிரையும் அச்சடித்து நீட்டினேன். பிடித்துப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். "இதில ஆரோ முன்னமே வந்து இருக்காங்க மோளே. மன்னருக்கு இடமில்ல," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரே விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். மன்னர் உலகை விட்டுப் போகும் கடைசிப் பாகத்தைச் சொல்ல மாட்டார். சொன்னால் சொல்கிறவரும் மன்னரோடு கிளம்பிவிடுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. பெமாவுக்கு அது மூடநம்பிக்கை. முடிவு பதியாமல் அப்பாவோடு போய்விடுமே என்ற பயம் வேறு. இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் உண்டு. நான் பெமாவின் பக்கம்தான் இருந்தேன், மறைப்பானேன்.

"அதையும் சொல்லிடுங்க பாலா, பாவம் அவ."

"மன்னர் இப்பவும் குதிரை மேலதான். நான் எதுக்கு இறக்கணும்?" என்று சிரித்தார்.

இந்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். போன மாதக் கடைசியில் ஒரு மதியம், கூப்பிடுகிறார் என்று பெமா வந்து அழைத்துப் போனாள். கட்டிலில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. "நல்ல தாள் ஒண்ணு தா. இன்னைக்கு முடிவு சொல்றேன். மோளுக்கு வேணுமல்லோ," என்றார்.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். பெமா கைபேசியை நிறுத்திவைத்தாள். அவர் தாளை உயர்த்தித் தொண்டையைச் செருமினார். சட்டென்று பெமா எழுந்து தாளைப் பிடுங்கிவிட்டாள். அவர்கள் மொழியில் ஏதோ சொல்லி அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வேண்டா சேச்சி. எனிக்கு முடிவு வேண்டா," என்றாள். நானும் அழுதுவிட்டேன்.

அவர் மட்டும் சிரித்தார். மகளின் நெற்றியைத் தன் நெற்றியோடு சேர்த்துக்கொண்டார். தாளைத் திரும்ப வாங்கி, மன்னர் சின்னப் பையனாகக் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பாகத்தைச் சொன்னார். லாரியும் சரியான நேரத்தில் ஹார்ன் அடித்தது. அதுதான் அவர் கடைசியாகச் சொன்ன கதை.

முடிவைச் சொல்லாமலேதான் போனார். எப்போது வரும் என்று இணையத்தில் இன்னும் கேட்கிறார்கள். மன்னர் குதிரை மேல்தான் இருக்கிறார் என்று பெமா எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதுகிறாள்.

தகனத்துக்கு எடுத்துப் போகும் முன் அவள் என்னிடம் ஒரு தாள் கேட்டாள். கொண்டுவந்து, நானே அவர் விரல்களுக்குள் வைத்தேன்.

போய் வாருங்கள், பாலா. பண்டலின் நடுவிலிருந்து எடுத்ததுதான், மெஷினுக்குள் போகாதது. வேண்டுமானால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.