தோணாப் பக்கத்தால் வந்த தண்ணீர்

கடந்த வருடம், கல்முனையில் எங்கள் வீட்டில், நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த பிறகு நடந்தது இது. நான் பல்கலைக்கழகத்தில் கணிதத்தையும் கணினி விஞ்ஞானத்தையும் சேர்த்துப் படிக்கிறேன். இரண்டு பாடத்துக்கும் பொதுவாக ஒரு செயற்றிட்டம் செய்யச் சொன்னார்கள். சுனாமி அலை எங்கள் கரையில் எப்படி ஏறியிருக்கும் என்று சமன்பாடுகளால் கணித்து, வரைபடத்தில் ஓடவிட்டுக் காட்டும் ஒரு நிரல் எழுதினேன்.

அதில் ஏதோ பிழை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கடலிலிருந்து வரும் நீல நிறம், தோணா வாய்க்காலுக்குள் புகுந்து சுற்றி, ஊரின் பின்பக்கத்தாலும் வந்தது. சுனாமிக்கு முன் எங்கள் வீடு இருந்த பழைய வளவுக்கு அருகே இரண்டு நீலமும் மோதின. எப்படித் திருத்தினாலும் அதே மோதல்.

தேத்தண்ணி கொண்டுவந்த உம்மா என் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் ஒரு விரல் நீண்டு திரையைத் தொட்டது.

“இனி இங்கால வரும்.”

நீலம் அங்கே வந்தது. விரல் நகர்ந்தது, தண்ணீர் அதன் பின்னாலேயே போனது. உம்மாவுக்கு நான் எதையும் விளக்கியிருக்கவில்லை.

“முன்னால வந்ததுதான் இரைஞ்சிச்சி. பின்னால வந்தது இப்பிடித்தான் மகள், சத்தமே இல்ல.”

என் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, சுனாமியில் மௌத்தானது எனக்குத் தெரியும். எப்படி என்று வீட்டில் யாரும் கதைப்பதில்லை. கடல் எழும்பி வருவதைக் கண்டு தோணாப் பக்கம் ஓடியதையும், அங்கேதான் ராத்தாவின் கை நழுவியதையும் உம்மா அன்றுதான் சொன்னார். பிறகு திரையில் பக்கத்துக் குறுகிய ஒழுங்கைப் பாதையைக் காட்டினார்.

“இதால ஓடியிருந்தா?”

திரும்ப ஓடவிட்டேன். அந்த ஒழுங்கை தோணாப் பக்கத்துக்கு முதலே நீலமாகிவிட்டது.

“இது அண்ணளவுதான் உம்மா. சரியெண்டு சொல்லேலா.”

“ஓம், தெரியும். இன்னொருக்காப் போடு.”

பின்னேர அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. “புள்ளைய நான் பிழையான பக்கம் இழுத்துக்கு ஓடல்ல, என்ன?” என்று கடைசியில் கேட்டார். என்னிடமல்ல, திரையிடம்.

நான் பிழை என்று நினைத்ததை அப்படியே விட்டுவிட்டேன். இப்போதும் சமன்பாட்டில் நீரின் உயரத்துக்கு ஓர் எழுத்தைப் போடும்போது என் கை ஒரு கணம் தயங்குகிறது. அந்த எழுத்து குறிக்கும் தண்ணீருக்குள் ஒரு நாள் உம்மா நின்றிருக்கிறார், அவர் வயிற்றில் நானும்.