சிலிண்டரில் வைத்த சந்தனப் பொட்டு

வெள்ளவத்தையில் எல்லோரும் சமையல் காஸுக்கு ஆலாய்ப் பறந்த காலம். கடைக்காரனிடம் சிங்களத்தில் கெஞ்சினாலும் "நே, அக்கே" என்று, இல்லை என்ற ஒரே பதில்தான். சமையலை மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாற்றிவிட்டேன். மிச்சமிருந்த ஒரு குட்டிச் சிலிண்டர் என் கணவரின் குளியலுக்கு மட்டும். அவர் முட்டு வருத்தக்காரர். பச்சைத்தண்ணீர் பட்டாலும் மண்ணெண்ணெய்ப் புகை பட்டாலும் மூச்சு இழுக்கும். விடியுமுன் எழும்பித் தானே வெந்நீர் வைத்துக் குளித்துவிடுவார். நான் அரைத்தூக்கத்தில் வாளிச் சத்தம் கேட்டபடி கிடப்பேன்.

தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை இருந்தது. மண்ணெண்ணெய் மணக்கிற பொங்கலைச் சூரியனுக்குப் படைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிலிண்டரில்தான் பொங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பால் பொங்குமுன் நெருப்பு நின்றுவிட்டால்?

சிலிண்டரின் பக்கவாட்டில் சுடுதண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினேன். சூடு, சூடு, பிறகு சட்டென்று குளிர். அந்த மட்டத்துக்குத்தான் காஸ். அடியிலிருந்து நாலு விரல்கூட இல்லை. கண்ணை மூடி அந்தக் குளிரையே தடவிக்கொண்டிருந்தேன். இரும்புக்குள் ஒரு குட்டிக் கடல் சத்தமில்லாமல் அசைவதுபோல இருந்தது. துடைத்துவிட்டு, அந்த மட்டத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன்.

"பிள்ளையாரே, இதுக்குக் கீழ இறங்க விடாதையப்பா."

கதவடியில் நின்ற அவர் பொட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பொங்கலன்று விடிய, பல்கனியில் கோலம் போட்டுவிட்டு, பொட்டில் படாமல் மறுபக்கம் தண்ணீர் ஊற்றித் தடவினேன். குளிர் அதே மட்டத்தில் நின்றது! ஏழு நாள் குளியலுக்குப் பிறகும் ஒரு விரல் இறங்கவில்லை. எனக்குப் புல்லரித்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் எல்லாமே கனவில் நடப்பதுபோல இருந்தது.

"இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ! பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்!"

அவர் தலையைத் துவட்டியபடி வந்தார். "ஓமோ? நல்லது" என்றார். அதற்குமேல் இருமல் பேச விடவில்லை. தோளைப் பிடித்தேன். சிலிண்டரின் அடிப்பாகம்போல ஜில்லென்றிருந்தது.

"எத்தினை நாளா பச்சைத்தண்ணி?"

"நீர் பொட்டு வைச்ச அண்டையில இருந்து. பால் பொங்காட்டி வருசம் முழுக்க அதையே நினைச்சுக்கொண்டிருப்பீர்."

"உங்களுக்கென்ன விசரே!" என்று கத்தினேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

சிலிண்டர் அடுப்பைப் பற்றவைத்து, பெரிய பானை நிறையத் தண்ணீர் வைத்தேன். "போய்த் திரும்பக் குளியுங்கோ!"

பொங்கல் மண்ணெண்ணெய் அடுப்பில்தான். பால் கிழக்குப் பக்கமாக வழிந்தது. மணந்ததுதான், மணக்கட்டும்.