தங்கை போட்ட தூண்டில்

என் தங்கை படித்தது வரலாறு. பார்த்த வேலை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வரவேற்பில் டோக்கன் கொடுப்பது. முப்பத்தாறு வயதில் ஒருநாள் போன் செய்து, கம்ப்யூட்டர் திருடர்களைப் பிடிக்கிற வேலைக்குப் போகப்போகிறேன் என்றாள். "உனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா வராதேடி" என்றேன். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை.

விஷயம் இதுதான். எவனோ ஒருவன் வரவேற்புக்கு போன் செய்து, கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி பாஸ்வேர்டு கேட்டிருக்கிறான். இவள் தரவில்லை. எப்படிச் சந்தேகம் வந்தது என்று கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் விசாரித்தபோது, "தயவுசெஞ்சுன்னு கேட்டான் சார். உங்க ஆளுங்க யாரும் எங்ககிட்ட அப்படிக் கேட்டதே இல்லையே" என்றாளாம். அவர் சிரித்துவிட்டு, படித்துத் தேறி வந்தால் இடம் தருகிறேன் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதை இவள் சீரியஸாக எடுத்துக்கொண்டாள்.

அவள் படித்த காலத்தில் துணையாக இருந்தது நான் இல்லை. பக்கத்து சீட்டு மைக் அக்கா. மைக்கே இல்லாமல் கூப்பிட்டாலும் வாசல்வரை கேட்கும் தொண்டை, அதனால் அந்தப் பெயர். இவள் மேசைக்கு அடியில் பாடத்தை வைத்துக்கொண்டு முழிக்க, முழுக் கூட்டத்தையும் அவரே சமாளித்தார். "நீ படிடி. கத்துறதுக்கு நான் இருக்கேன்" என்பாராம். முதல் தேர்வில் இவள் கோட்டைவிட்டதும் என்னைக் கூப்பிடாமல் அவர் தோளில்தான் அழுதாள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

இரண்டாம் முறை தேறி, மூன்றாம் மாடிக்குப் போனாள். கண்ணாடி அறை, குளிர், காதில் ஹெட்போன் மாட்டிய பிள்ளைகள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டே "சாப்பிட்டீங்களா?" என்று திரையில் எழுதிக் கேட்பார்கள். நாள் முழுக்க நூறு பேரோடு மல்லுக்கட்டியவளுக்கு அங்கே வாயைத் திறக்க வேலையே இல்லை. மதியத்துக்கு மட்டும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவிடுவாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. திருடன் அனுப்புகிற மாதிரியே ஒரு பொய் மெயிலை இவர்களே எழுதி, ஆஸ்பத்திரி முழுக்க அனுப்புவார்கள். யார் ஏமாந்து லிங்கைத் தொடுகிறார்களோ, அவர்களுக்குக் கட்டாய வகுப்பு. பிள்ளைகள் எழுதியது எல்லாம் குலுக்கல் பரிசு, வெளிநாட்டுப் பயணம். ஒருவரும் சீண்டவில்லை. இந்த முறை என் தங்கையை எழுதச் சொன்னார்கள். அவள் எழுதியது ஒரே வரி: "சனிக்கிழமை லீவு யார் யாருக்கு ரத்து என்று இங்கே பார்க்கவும்."

வரவேற்பில் ஒருவர் பாக்கியில்லாமல் தொட்டார்கள். திரையில் தூண்டில் முள் படம் வந்து, "நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்" என்றது. மூன்றாம் மாடியில் முதல்முறையாக ஹெட்போனைக் கழற்றிவிட்டு இவளுக்குக் கைதட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது என்றாள். முதலில் தொட்டது மைக் அக்கா என்று தெரியும்வரை.

வகுப்பு எடுக்க வேண்டியதும் இவள்தான். சந்தேகமான மெயில் வந்தால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மைக் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிந்ததும் கிட்டே வந்து, அந்தத் தொண்டைக்குச் சம்பந்தமே இல்லாத குரலில் கேட்டார்: "சனிக்கிழமை எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். லீவு கிடைக்குமான்னு நான் தவிச்சது உனக்கு மட்டும்தானே தெரியும்?"

எழுதும்போது அது மனதில் இருந்ததா என்று நானும் கேட்டேன். "இருந்திருக்கும்க்கா. வேற எங்கிருந்து வந்திருக்கும்?" என்றாள்.

அன்றிலிருந்து இவள் டப்பாவோடு கீழே போனால் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை ஞாபகம் வரும். "நேராப் போய் மன்னிப்புக் கேட்டுத் தொலைடி" என்று நான்தான் விரட்டினேன். போனாள். மைக் அக்கா நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க மேடம்" என்றார். அத்தனை வருஷம் வாடி போடி என்று பேசியவர். இவள் வந்த வழியே மாடி ஏறிவிட்டாள்.

போன் செய்தால் அவர் எடுக்கவில்லை. மதியம் கண்ணாடி அறை வாசலில், படிக்கட்டில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். கடைசியில் ஆபீஸ் மெயிலில் நாலு வரி எழுதினாள். தப்பு என்னுதுதான் அக்கா. அம்மா கண் எப்படி இருக்கு? இந்த ஞாயிற்றுக்கிழமையே என் வீட்டுக்கு வாங்க, நானே சமைக்கிறேன். புதிதாகக் குடிபோன வீட்டுக்கு அவருக்கு வழி தெரியாதே என்று கீழே ஒரு மேப் லிங்க்கும் போட்டாள்.

மறுநாள் காலை, சந்தேகம் என்று ஊழியர்கள் அனுப்பிய மெயில்களை வரிசையாகத் திறந்து சோதிக்கிற வேலை அவளுடையது. மூன்றாவதாகத் திறந்தது, அவளே மைக் அக்காவுக்கு எழுதியது.

"கோவத்துல பண்ணியிருப்பாங்கடி" என்றேன்.

"கோவம்னா பரவாயில்லையேக்கா. குறிப்புல எழுதியிருக்காங்க. 'தெரிந்தவர் பெயரில் வந்துள்ளது. அவசரப்படுத்துகிறது. லிங்கைத் தொடவில்லை.' நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில."

"நீ என்ன பண்ணே?"

"எல்லாத்தையும் சோதிக்கிற மாதிரி சோதிச்சேன். 'அனுப்பியவர் உண்மையானவர். ஆபத்தில்லை'ன்னு போட்டு மூடிட்டேன்."

"அப்பாடா. அதை அவங்க பார்ப்பாங்கல்ல?"

"இல்லக்கா. அது எங்க பிரிவுக்குள்ளேயே இருக்கும். அவங்களுக்குத் தானா ஒரு மெயில் போகும். விழிப்பா இருந்ததுக்கு நன்றின்னு."