ஒபதையா திரிப்பின் கழிவுத்தாள் மூட்டை

ஒபதையா திரிப் அனாதை விடுதியில் வளர்ந்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் லண்டனில் கப்பல் தலைவர்களின் சட்டைப்பைக்குள் உருளும் உலக உருண்டைகளில் நல்லவை எல்லாம் அவர் ஒட்டியவை. எலுமிச்சம்பழம் அளவுப் பந்தின்மேல் பன்னிரண்டு காகிதக் கீற்றுகளை இடைவெளி தெரியாமல் ஒட்டுவது லேசான வேலையா? பசை பட்டால் காகிதம் நீளும். எவ்வளவு நீளும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். படித்தவன் எவனுக்கும் தெரியாது.

அன்று காலை எதிர்க்கடை ஹாஸ்கினின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு புது உருண்டை இருந்தது. அதில் தென்கடலில் மூன்று சின்னத் தீவுகள். ஒரு மாலுமி அவரிடம் மட்டும் சொன்ன தீவுகள் அவை. கீற்றுகளை அச்சடிக்கும் செப்புத் தகட்டில் அவற்றைச் செதுக்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அவை உள்ள அவர் உருண்டை ஒன்றுகூட இன்னும் கடைக்கு வரவில்லை. செதுக்கியவர் இருபது வருடக் கூட்டாளி லெமுவல் காட். வேறு யார் கொடுத்திருக்க முடியும்? லெமுவல் மத்தியானம் வெளியே போவது, வந்து சீட்டியடிப்பது, எல்லாமே இப்போது திருட்டாகத் தெரிந்தது.

"ஹாஸ்கின் உனக்கு என்னய்யா குடுத்தான்?"

"போன வாரம் என் மூஞ்சியில தும்மினான். அதத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"சிரிக்காத. தகடு உன் கையிலதான இருந்துச்சு?"

லெமுவல் உளியைக் கீழே வைத்தார். "நெசமாத்தான் கேக்குறியா? சரி, இனிமே நீயே செதுக்கிக்க. தகட்டுல எழுத்தத் திருப்பி வெட்டணும். நேரா இருக்கிற எழுத்தே உனக்குத் தகராறு!"

அவர் உளிகளைத் துணியில் சுருட்டத் தொடங்கியபோது, தெருவில் எல்லாக் கடைக்கும் காகிதப் பந்து செய்து தரும் டார்க்கஸ் கூடையோடு வந்தாள். ஒரு பந்து நசுங்கியிருந்தது. அவளைத் திட்டுவதற்கென்றே ஒபதையா அதை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஹாஸ்கின் கடையின் கெட்டுப்போன கீற்றுகள்.

"ஏம்மா, இது அவன் தாளாச்சே?"

"ஆமாங்கய்யா. கழிவுத்தாள் எந்தக் கடையோடதா இருந்தா என்ன, ஊறினா எல்லாம் ஒண்ணுதான். உங்க மூட்டையோட அவரு கடைக்குப் போனப்ப, ஹாஸ்கின் ஐயாவே அதப் பிரிச்சு ஊறவெச்சுக் குடுத்தாரு. தங்கமான மனுசன்!"

"எந்த மூட்டை?"

"மசி சரியா விழலன்னு போன மாசம் நீங்களே திணிச்சுக் குடுத்தீங்களே, புதுத் தகட்டுத் தாளு!"

லெமுவல் அதற்குள் வாசல்வரை போய்விட்டார்.

"லெமுவல், நில்லுய்யா. தாள வெளிய விட்டது நான்தான். உம்மேல தப்பில்ல."

"இன்னொரு தடவ சொல்லு. டார்க்கஸுக்குக் கேக்கல."

தெருவுக்கே கேட்கும்படி ஒபதையா சொன்னார்.